ஐந்தாம் மெஷினுக்கு ஒரு தனி வரி

பெரிய வெள்ளியன்று பூசை வைக்கமாட்டார்கள், பூசையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முதல் நன்மையும் அன்று கிடையாது என்பது எனக்குத் தெரியாது. எங்கள் இந்து ஆட்களிடம் பெரிய நாள் என்றால் கோயிலில் எல்லாம் நடக்கும். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன் நான். கொச்சிக்கடை அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமைகளில் எத்தனையோ தடவை மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன். ஆனாலும் இது தெரியாமல் போய்விட்டது. 'பெரிய வெள்ளிக்கு றொசானிக்கு முதல் நன்மை குடுத்தாச்சு, வெள்ளைச் சட்டையில நல்ல வடிவு' என்று நான் எழுதியதும் சில நாள் உங்கள் மெயில் வரவில்லை. பிறகு ஒரே வரியில் ஒரு மெயில் வந்தது. 'நீ ஆர்?'

நியாயமான கேள்விதான். அடுத்த மெயிலில், ஐறீனும் பிள்ளையும் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். முறைப்படி எழுதினால்தான் உங்களுக்கு விளங்கும். அவசரப்பட்டுக் கடைசிக்கு ஓடாதீர்கள், ஜெராட்.

என் பெயர் முத்துலிங்கம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ராசிக் ஹாஜியாரின் கொம்யூனிகேஷன் கடை இருக்கிறதல்லவா, முன்பு நீங்கள் ரெலிபோன் எடுக்கும்போதெல்லாம் 'இருங்க, கூப்புடுறேன்' என்று சொல்லிய குரல் என்னுடையது. முன்பக்கம் ரெலிபோன், போட்டோக்கொப்பி. உள்ளே எட்டு கொம்பியூட்டர். உள்பக்கம் என் பொறுப்பு.

இந்த மெயிலும் ஐறீனின் முகவரியிலிருந்துதான் வருகிறது. எனக்கென்று ஒரு முகவரி நான் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் இதுவரை வந்ததெல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். அப்படி அடிக்கும்போது யாருடைய தமிழும் ஒரே மாதிரித்தான் தெரியும், அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இன்று தமிழ் எழுத்திலேயே அடிக்கிறேன். எதையும் நீங்கள் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது.

முதலில் மெஷின்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு கொம்பனியை மூடும்போது ராசிக் ஹாஜியார் அந்த எட்டையும் லொறியில் அள்ளிக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தால் ஒன்றிலும் ஹார்ட் டிஸ்க் இல்லை. கழற்றிவிட்டுத்தான் விற்றிருக்கிறார்கள். "அல்லாவே, வெறும் பெட்டியவா வாங்கிட்டு வந்திக்கிறன்?" என்று அந்த மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் குந்திவிட்டார். டிஸ்க் தேவையில்லை ஹாஜியார், ஒரே ஒரு நல்ல மெஷின் வாங்கித் தாங்க போதும் என்று நான் சொன்னேன். அந்த ஒன்றை மூலையில் வைத்து, லினக்ஸ் போட்டு, சேர்வராக்கினேன். மற்ற எட்டும் அதிலிருந்து வயர் வழியாக உயிர் எடுக்கும்.

அது எப்படி என்றால், டிஸ்க் இல்லாத மெஷினை நீங்கள் ஒன் பண்ணினால் தான் யார் என்று அதற்கே தெரியாது. நெற்வேர்க் வயரில் கேட்கும். சேர்வர் அதன் நெற்வேர்க் கார்ட் நம்பரைப் பார்க்கும். அந்த நம்பரில் தனியாக ஒரு பைல் இருந்தால் அதைக் கொடுக்கும், இல்லையென்றால் எல்லோருக்கும் பொதுவான பைலைக் கொடுக்கும். பைலுக்குள் பெரிதாக ஒன்றும் இராது. முக்கியமாக ஒரு வரி. எந்த லினக்ஸைத் தூக்குவது, திரை என்ன அளவு, சத்தம் வேண்டுமா, மிச்சச் சாமான்களைச் சேர்வரில் எந்த இடத்திலிருந்து எடுப்பது. மெஷின் அந்த வரியில் உள்ளபடி எழுந்து நிற்கும். ஓப் பண்ணினால் எல்லாம் மறந்துபோகும். அடுத்த ஆள் வந்து ஒன் பண்ணும்போது புத்தம் புதிது.

அந்தக் காலத்துக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளவத்தை லொட்ஜ்களில் விசாவுக்குக் காத்திருந்த சனம் பெயர் எழுதவே பயந்த காலம். பக்கத்துக் கடைகளில் ஒருவர் திறந்த மெயிலை அடுத்தவர் வாசித்தார். எங்கள் கடையில் அந்தப் பேச்சே இல்லை. "பயப்படாதீங்க, ஓப் பண்ணினா ஒண்ணும் தங்காது" என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். சனம் தேடி வந்தது.

ஒரு நாள் சிவில் உடுப்பில் ஒரு பொலிஸ்காரர் வந்தார். "மல்லி, மே மினிஸ்ஸு மொனவத லியன்னே?" என்றார். இந்த ஆட்கள் என்னதான் எழுதுகிறார்கள் என்று சிங்களத்தில் கேட்கிறார். நான் ஒரு மெஷினை ஓப் பண்ணி, ஒன் பண்ணிக் காட்டினேன். இதில் ஒன்றும் தங்காது சேர், பாருங்கள், டிஸ்க்கே இல்லை என்று பெட்டியைத் திறந்தும் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் அந்த வெறும் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு பிளேன் ரீ குடித்துவிட்டுப் போனார். நான் யாரையும் காட்டிக்கொடுத்தவன் இல்லை. மிச்சத்தை வாசிக்கும்போது இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தனியாகப் பைல் வைத்திருந்தது ஐந்தாம் மெஷினுக்கு மட்டும். அதன் திரைக் கார்ட் ஒரு பிசாசு. பொதுவான வரியில் தூக்கினால் திரை கறுத்துப்போகும். அதனால் அதன் நெற்வேர்க் கார்ட் நம்பரில் ஒரு பைல் செய்து, திரைக்காக ஒரு சொல்லைச் சேர்த்து எழுதினேன். சுவரோரம், கடைசி. காற்றாடிக் காற்று வராத இடம் என்பதால் அதில் யாரும் விரும்பி உட்காருவதில்லை.

ஐறீன் அதைத்தான் கேட்டு உட்கார்ந்தார். பிள்ளையைச் சுவர்ப்பக்கம் நிற்பாட்டிவிட்டால் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை என்றார். சொந்த ஊரான அடம்பனிலிருந்து மன்னார் வந்து, மன்னாரிலிருந்து கொழும்பு வந்து, எதிர்ப்பக்கத்து லொட்ஜில் ஒரு அறையில் தாயும் மகளுமாக இருந்தார்கள். நீங்கள் கனடாவிலிருந்து ஸ்பொன்சர் செய்திருந்தீர்கள். எம்பசியிலிருந்து மெயில் வரும் என்று தினமும் வந்து பார்த்தார்.

றொசானிக்கு அப்போது ஐந்து வயது. கதிரையின் குறுக்குக் கம்பியில் ஏறி நிற்பாள். நீங்கள் கமராவில் தெரிந்த முதல் நாள், "அப்பா வாயை அசைக்கிறார், சத்தம் வரேல்லையே" என்று அழத் தொடங்கிவிட்டாள். அந்த வரியில் சத்தத்துக்கு நான் இடம் வைக்கவில்லை. மறுநாள் ஒரு சொல்லைச் சேர்த்தேன், உங்கள் குரல் வந்தது. பிள்ளை ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். ஐறீன் சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு ஐந்தாம் மெஷினில் மட்டும் படம் கீறும் விளையாட்டு ஒன்றைப் போட்டேன். மற்ற மெஷினாக இருந்தால் ஓப் பண்ணியதும் படம் போய்விடும். பிள்ளை அழும். ஆகவே ஐந்துக்கு மட்டும் சேர்வரில் தனி இடம் ஒதுக்கி, வரியில் அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தேன். அவள் கீறியதெல்லாம் அதில் தங்கியது. "முத்து மாமா, நேற்றையான் படம் இருக்கே!" என்று குதித்தாள். சுவரில் எங்கள் கடை ரெலிபோன் நம்பரைப் பெரிதாகப் பெயின்ட் பண்ணியிருந்தது. அதைக் காட்டிக்காட்டி இலக்கங்களைச் சொல்லிக்கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிப்பாள்.

அது எனக்குப் பிடித்திருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? நாற்பது தாண்டிய ஒண்டிக்கட்டை. கொட்டாஞ்சேனை அறைக்குப் போனால் பேச ஒரு சீவன் கிடையாது. காலையில் 100 பஸ்ஸிலோ 101 பஸ்ஸிலோ தொங்கிக்கொண்டு வரும்போது, இன்றைக்கு அவள் என்ன கீறுவாள் என்று யோசித்துக்கொண்டு வருவேன். உங்கள் மனைவியை நான் வேறு மாதிரி ஒரு நாளும் பார்த்ததில்லை. அப்படி நீங்கள் நினைத்தால் எனக்குக் கோபம் வரும்.

ஒரு தடவை ஐறீன் பாஸ்வேர்டை மறந்துவிட்டார். அதைத் திரும்ப எடுக்க ஒரு நாள் முழுக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை, எம்பசி மெயில் வந்து கிடக்கிறதோ என்று அழுதே விட்டார். இனி இப்படி நடக்கக் கூடாது என்று நினைத்தேன். ஐந்தாம் மெஷினின் தனி இடத்தில் ஏற்கெனவே படங்கள் தங்கின. அதே இடத்தில் அடிக்கும் எழுத்துகளும் தங்கும்படி செய்தேன். உங்கள் பெயரையும் பிள்ளையின் பெயரையும் சேர்த்துத்தான் பாஸ்வேர்ட் வைத்திருந்தார். அவர் மறந்தாலும் என்னிடம் இருக்கும் என்பது எனக்கு ஒரு ஆறுதல்.

வாசிக்க வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. பிறகுதான், காலையில் கடை திறந்ததும் ஒரு முறை அவருடைய மெயிலைப் பார்த்துவிடுவேன். நல்ல செய்தி வந்தால் அவர் படியேறி வரும்போதே சொல்லலாம் அல்லவா?

நல்ல செய்தி வந்தது. எம்பசிக்கு நேர்முகத்துக்கு வரச் சொல்லித் திகதி போட்டிருந்தார்கள். நான் அதை இரண்டு மூன்று முறை வாசித்தேன். அவர்கள் வரும் நேரமாகிவிட்டது. றொசானி ஓடி வந்து, முதல் நாள் பாதியில் விட்ட படத்தைத் திறந்து முடித்தாள். கடல், ரயில் பாதை, மூன்று ஆட்கள். இது அம்மா, இது நான், இது முத்து மாமா என்றாள். அப்பா எங்கே என்று கேட்டேன். "அப்பா பிளேனுக்குள்ள" என்று மேலே ஒரு கோட்டைக் காட்டினாள்.

சில நாள் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். மெயிலை அழிக்கவில்லை. குப்பைத்தொட்டிக்குள் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான். குப்பைத்தொட்டி சில நாளில் தானாகவே காலியாகும் என்பது மெயில் கொம்பனியின் விதி. அதை நான் செய்யவில்லை.

திகதி கடந்து போயிற்று. ஐறீனுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. "இன்னும் வரேல்லையே அண்ணை" என்று ஐறீன் கேட்கும்போது, சிலருக்கு இரண்டு வருஷம்கூட எடுக்குது தங்கச்சி என்று சொன்னேன். அது பொய்யில்லை. அப்படிக் காத்திருந்தவர்கள் எங்கள் கடைக்கே வந்தார்கள்.

பிறகு அந்த ஜூன் மாதம். ஒரு காலையில் லொட்ஜ்களுக்குள் பொலிஸ் புகுந்து, வடக்கு கிழக்கிலிருந்து வந்திருந்த சனத்தைப் பஸ்களில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நான் கடை திறக்க வந்தபோது ஒழுங்கை வெறிச்சோடிக் கிடந்தது. ராசிக் ஹாஜியார் வாசலில் நின்று, "ஒரு உடுப்புமாத்த விடல்லயே, பாவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் வழக்கம்போல எட்டையும் ஒன் பண்ணினேன். பின்னேரம் வரை ஒருவரும் வரவில்லை.

கொண்டுபோனவர்கள் திரும்பி வரலாம் என்று பிறகு கோர்ட் சொல்லியது. அதற்கு அடுத்த நாள் கடை ரெலிபோன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"அண்ணை, நான் ஐறீன். வவுனியாவில நிக்கிறம். திரும்பி வரலாமாம் எண்டு சொல்லினம், ஆனா இனி எந்த லொட்ஜில எடுப்பினம்? அம்மா அடம்பனுக்கு வந்திடு எண்டுறா. எம்பசியால ஏதும் வந்திருந்தா நான் எப்பிடியும் கொழும்புக்கு வந்திடுவன். இல்லாட்டி அம்மாட்டப் போறன். ஒருக்கால் திறந்து பாருங்கோவன், பாஸ்வேர்ட் சொல்லுறன்."

அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினேன். மெயில் எனக்கு முன்னால் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. முதல் வரியிலேயே எம்பசியின் பெயர். முந்திய நேர்முகத்துக்கு ஐறீன் வரவில்லை, கடைசியாக இன்னொரு திகதி தருகிறோம், அதற்கும் வராவிட்டால் பைலை மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தது. அந்தத் திகதிக்கு இன்னும் நாள் இருந்தது.

நான் நிதானமாகத்தான் யோசித்தேன். அவர் வந்து எம்பசிக்குப் போனால், முதலாவது திகதிக்கு ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். எந்த முதலாவது என்று அவர் கேட்பார். பிறகு இந்தக் கடைக்கு வந்து, ஐந்தாம் மெஷினுக்கு முன்னால் நின்று, என் முகத்தைப் பார்ப்பார். பிள்ளையும் பக்கத்தில் நிற்கும்.

"ஒண்ணும் வரல்லம்மா" என்றேன்.

"சரி அண்ணை. அப்ப நாங்கள் அம்மாட்டப் போறம். இஞ்சயிருந்து வெளிநாட்டுக்கு எடுக்கேலாமக் கிடக்கு. நீங்கள் அவருக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கோ, பயப்பட வேண்டாம் எண்டு. இவ கதைக்கப்போறாவாம், ஒரு நிமிஷம்."

றொசானி வந்தாள். "முத்து மாமா, என்ர படங்களை அழிச்சுப்போடாதேங்கோ."

"அழிக்க மாட்டேன் பாப்பா" என்றேன். அந்தச் சொல்லை நான் காப்பாற்றியிருக்கிறேன்.

என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. எனக்கு என்னைப் பற்றிய யோசனையே வரவில்லை. நம்பியிருந்த ஒரு ஆள் இப்படி என்று தெரியவந்தால் ஐந்து வயதுப் பிள்ளை என்ன பாடுபடும்? அதைத்தான் யோசித்தேன்.

உங்களுக்கு மெயில் போடச் சொன்னார் அல்லவா? போட்டேன். ஆனால் அடம்பனுக்குப் போகிறார்கள் என்று எழுதக் கை வரவில்லை. அந்தப் பக்கம் ஷெல் விழுவது உங்களுக்கும் தெரியும், இரவு பகலாக நித்திரை இல்லாமல் கிடந்திருப்பீர்கள். அதனால் ஐறீன் எழுதுவது போலவே எழுதினேன். கோர்ட் விட்டுவிட்டது, கொழும்புக்குத் திரும்பி வந்துவிட்டோம், பாமன்கடையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தோடு அறை எடுத்திருக்கிறோம், ரெலிபோன் வேண்டாம், ஒட்டுக் கேட்கிறார்கள், மெயில் மட்டும் போடுங்கோ. நீங்கள் 'கடவுளே நன்றி' என்று பதில் போட்டீர்கள். கரிசனையாக ஏதாவது செய்தோம் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

பாஸ்வேர்டையும் மாற்றினேன். ரெலிபோனில் எழுத்தெழுத்தாகச் சொன்ன பாஸ்வேர்டை அப்படியே விட்டுவைப்பது ஆபத்து. பிறகு ஐறீன் எங்காவது திறக்கப் பார்த்திருந்தால் திறந்திராது. அதற்கு நான் என்ன செய்ய?

இந்த இரண்டு வருஷமும் நான் உங்களுக்கு ஒழுங்காக எழுதினேன். நீங்கள் குறை சொல்ல முடியாது. எழுதும்போது ஐந்தாம் மெஷினில்தான் உட்காருவேன். வெள்ளவத்தை மார்க்கெட்டில் பாரை மீன் வந்தது, மழையில் ஒழுங்கைக்குள் தண்ணீர் ஏறியது, றொசானி பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிறாள். பணம் அனுப்பட்டுமா என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் இப்போது வேண்டாம் என்று எழுதினேன். அதிலேயே நீங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

போட்டோ கேட்டீர்கள். கமராவோடு போனால் செக் பொயின்டில் கேள்வி என்று எழுதிவிட்டு, றொசானி கீறிய படங்களை ஒவ்வொன்றாக அனுப்பினேன். அவற்றைப் பிரின்ட் எடுத்துக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருப்பதாக எழுதினீர்கள். பிளேன் படத்தை நான் அனுப்பவில்லை, அது என்னுடையது. இருந்தவை முடிந்ததும் நானே கீறினேன். மௌஸைப் பிடித்து ஆறு வயதுக் கை கீறுவது போலக் கீறுவது லேசான வேலையில்லை. பிறகு ஏழு வயதுக் கை. தலைமயிரைக் கொஞ்சம் நன்றாகக் கீற வேண்டும், விரல்களை ஐந்தாக்க வேண்டும். போன நத்தாருக்கு வந்த குழந்தை யேசுவின் மாட்டுத்தொழுவம் என் கைவேலை. மகள் என்ன கெட்டிக்காரி என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்து எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

இரண்டு முறை வரப்போவதாக எழுதினீர்கள். வராதேங்கோ, வெள்ளை வான் திரியுது என்று நான் எழுதினேன். அதுவும் பொய்யில்லை. இந்த ஒழுங்கையிலேயே ஒரு பொடியனை அந்த வானில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

போன வருஷக் கடைசியில் ஒரு கத்தோலிக்கச் சுவாமியார் கடைக்கு வந்தார். மன்னார்ப் பக்கத்தவர், சண்டை நடந்த வன்னிக்குள்ளிருந்து எப்படியோ வெளியே வந்து கொட்டாஞ்சேனையில் தங்கியிருந்தார். ஐறீனுக்கு ஞாபகம் இருந்த விலாசம் இந்தக் கடை ஒன்றுதான் என்று தேடிப்பிடித்து வந்திருக்கிறார். அடம்பனிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, தாயையும் வழியில் பறிகொடுத்து, கிளிநொச்சிக்கும் அப்பால் தறப்பாள் கூடாரத்துக்குள் பிள்ளையோடு இருக்கிறாராம்.

"கனடாவில இருக்கிற மனிசனுக்கு எப்படியாவது சொல்லச் சொன்னா, மகன். அங்கயிருந்து ஆயரையோ எம்பசியையோ ஆரையாவது பிடிச்சா பிள்ளையையாவது வெளியில எடுக்கலாமாம். அவர் ஏன் ஒரு வார்த்தையும் அனுப்பேல்லை எண்டு கேட்டுக் கேட்டு அழுறா" என்றார்.

சுவாமியாருக்கு ரீ எடுத்துக்கொடுத்தேன். கட்டாயம் சொல்கிறேன் பாதர் என்றேன். அவர் போன பிறகு ஐந்தாம் மெஷினில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதினேன். றொசானிக்கு முன் பல் இரண்டு விழுந்துவிட்டது, சிரிக்கும்போது கிழவி மாதிரி இருக்கு என்று. நீங்கள் உடனே பதில் போட்டீர்கள், சந்தோஷமாக.

அன்றைக்கே சொல்லியிருந்தால் நீங்கள் ஏதாவது செய்திருப்பீர்களா? தெரியாது. எத்தனையோ பேர் உங்கள் கனடாவிலிருந்து கத்தினார்கள், ரோட்டை மறித்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. சொல்லியிருந்தால் உங்கள் நிம்மதிதான் போயிருக்கும். இந்த இரண்டு வருஷமும் நீங்கள் ஒழுங்காக வேலைக்குப் போனீர்கள், சிற்றிசன் எடுத்தீர்கள், வீடு பார்த்தீர்கள். வேறு யாருக்கு அப்படி வாய்த்தது?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நேற்றுக் காலை கடை ரெலிபோன் அடித்தது. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து. அங்கம்மா என்று ஒரு அற்றென்டன். மலைநாட்டுப் பேச்சு, எங்கள் அம்மா பேசுவது போலவே இருந்தது.

"ஐயா, இங்க ஒரு புள்ள கப்பல்ல காயத்தோட வந்திருக்குதுங்க. பேரு றொசானின்னு சொல்லுது. அம்மா கடக்கரையிலயே போயிருச்சாம், ஷெல்லு. புள்ளைக்கு கால்ல காயம், பொழச்சிக்கும். யாருமில்லீங்க. கேட்டா இந்த நம்பர மட்டும் கண்ண மூடிக்கிட்டு சொல்லுது."

ஐறீன் இறந்துவிட்டார், ஜெராட். அதை நான் உங்களுக்கு நேராகவே சொல்லிவிட வேண்டும். கொன்றது ஷெல். எம்பசியின் இரண்டாவது மெயிலை நான் மறைக்காமல் இருந்திருந்தால் அவர் அந்தக் கடற்கரையில் இருந்திருக்க மாட்டார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மறைத்தது நான். வேறு யாரும் இதில் சம்பந்தப்படவில்லை. ராசிக் ஹாஜியாருக்கு ஒன்றும் தெரியாது.

அந்தப் பெண் பிறகு கேட்டாள். "நீங்க புள்ளயோட அப்பாங்களா?"

"ஆமா" என்றேன்.

அப்படிச் சொல்லாவிட்டால் பிள்ளையை வெளியே விடமாட்டார்கள். மாமா என்றால் எந்த மாமா, என்ன முறை என்று ஆயிரம் கேள்வி. முகாமுக்குள் போட்டுவிட்டால் பிறகு எடுக்க முடியாது. அங்கே போகப் பொலிஸில் எழுதிக் கேட்டிருக்கிறேன், ராசிக் ஹாஜியார் தெரிந்தவர்களைப் பிடித்து உதவி செய்கிறார். அவரிடம், அண்ணன் மகள் என்று சொல்லியிருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று நீங்கள் கேட்பீர்கள். வேண்டாம். பிள்ளைகளை நாளுக்கு நாள் இடம் மாற்றுகிறார்கள், நீங்கள் வந்து அலைந்து கண்டுபிடிப்பதற்குள் அவள் என்னோடு வந்துவிடுவாள். அதோடு உங்கள் முகம் அவளுக்குத் தெரியாது. கமராவில் பார்த்தது, ஐந்து வயதில். என் நம்பர்தான் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதை நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இன்று காலை ஐந்தாம் மெஷினை ஒன் பண்ணிப் பார்த்தேன். திரை கறுக்கவில்லை. சத்தம் வருகிறது. தனி இடம் அப்படியே இருக்கிறது, அவள் கீறிய படங்கள் எல்லாம் வரிசையாக, நான் கீறியவை வேறாக. அந்த வரியில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. கதிரை மட்டும் பழசு, கம்பி ஆடுகிறது. காலில் காயத்தோடு ஏறி நிற்க முடியாது. வேறொன்று பார்க்க வேண்டும்.

உங்கள் முகவரியை நான் மாற்றச் சொல்லவில்லை. இதே முகவரிக்கே மெயில் வரும். முதலில் கொஞ்ச நாள் அவளுக்குக் கஷ்டமாக இருக்கும், எழுத்துகள் மறந்திருக்கும். பிறகு சரியாகிவிடும். நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். றொசானி உங்களுக்குத் தவறாமல் எழுதுவாள்.